பொய்ச் சுவடியிலிருந்து வந்த பாட்டு

லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டும் பெர்னடெற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலை ஷிப்ட். அது முடிந்து வந்தால் தேவாலயத்தில் மத்தியானப் பூசை ஒன்றுதான் கிடைக்கும்; அதுவோ போலந்துக்காரருக்கானது. ஒரு சொல்லும் விளங்காமல் கடைசி வாங்கில் இருந்தவளை அவர்களுடைய பாட்டு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் பாடகர் குழுவிலேயே போய்ச் சேர்ந்தாள். மெய்யெழுத்துகள் முட்டிமோதும் அந்த மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினாள்.

போன வருசம், குழுவை நடத்தும் டானூத்தா கச்சேரியில் பாட அவளுக்கு ஒரு தனிப்பாட்டுக் கொடுத்தாள். செக் நாட்டில் கண்டெடுத்த பழஞ்சுவடியிலுள்ள கவிதை. அதன் போலந்து மொழிபெயர்ப்புக்கு அந்நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் மெட்டமைத்தது. பெர்னடெற்றின் கணவர் புவனேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகரின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டார்.

"எழுநூறு வருசப் பாட்டு! என்ரை மனிசி தனியப் பாடுறா. கட்டாயம் வாங்கோ."

கச்சேரிக்கு முதல்நாள் ஒத்திகை முடிந்தபிறகுதான் டானூத்தா சிரித்துக்கொண்டே சொன்னாள், அந்தச் சுவடி போலியென்று. இருநூறு வருசத்துக்கு முன் தங்கள் மொழிக்கும் பழம்பெருமை வேண்டுமென்று ஆசைப்பட்ட செக்காரர் சிலர் தாங்களே எழுதி, பழசாக்கி, கண்டெடுத்ததாகக் கதை விட்டார்களாம். ஊர் நம்பியது. போலந்து இசையமைப்பாளர்களும் அந்தக் கவிதைகளில் மயங்கிப் பாட்டாக்கினார்கள்.

கூட்டிப்போக வந்திருந்த புவனேந்திரன் தலையில் கைவைத்தார். "ஐயோ, நான் எல்லாருக்கும் எழுநூறு எண்டெல்லோ சொல்லிப்போட்டன்! நீ ஒண்டும் கதையாதை. பாடிப்போட்டு இறங்கு."

"ஏலாதப்பா. சொல்லிப்போட்டுத்தான் பாடுவன்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன்."

மறுநாள் மண்டபத்தின் முன்பாதியில் போலந்துக் குடும்பங்கள். பின்பாதியில் பட்டுச்சேலைகளோடு ரெய்னர்ஸ் லேன். பெர்னடெற் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"இவர் உங்களுக்கு எழுநூறு வருசமெண்டு சொன்னவர். அவரிலை பிழையில்லை. ஒரு நாடே ஏமாந்தது, இவர் எம்மாத்திரம்?"

பின்பாதி அதிரச் சிரித்தது. புவனேந்திரனும் எழுந்து நின்று கும்பிட்டார்.

அப்புறம் அவள் பாடினாள். பிரிந்துபோனவனைக் கூப்பிடும் ஒரு பெண்ணின் பாட்டு. இரண்டாம் அடியிலேயே மண்டபம் அடங்கிவிட்டது. உச்சத்தில் குரல் உடையுமோ என்று பயந்திருந்தாள். அது தானாக எழும்பி நின்றது. பாட்டு முடிந்ததும் முன்னாலிருந்து போலந்து மொழியிலும் பின்னாலிருந்து "இன்னொருக்கா!" என்றும் ஒரே சத்தம். மறுபடி பாடினாள்.

தேநீர் நேரத்தில் அவளுடைய மாமி நாகேஸ்வரி கடலைவடைத் தட்டோடு டானூத்தாவிடம் வந்து, பெர்னடெற்றைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கேட்டுச் சொல்லு. அந்தப் பொய்க்காரர் வேறை பாட்டு எழுதேல்லையோ?"

பெர்னடெற் மொழிபெயர்த்தாள். நிறைய எழுதினார்கள் என்றாள் டானூத்தா, வாய் நிறைய வடையோடு. உடனே பியானோவைத் திறந்து ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள். மாமி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.