புகை எத்தனை கிலோ?

சட்டையை ஒரு உதறு உதறி, காலரைத் திருப்பிப் பார்த்து, பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு இழுக்கிறார் அக்கா. கறை இருக்கும் இடத்தைக் காட்ட விரலை நீட்டிய வாடிக்கையாளர், நீட்டிய விரலோடு அப்படியே நிற்கிறார்.

"ஃபவுண்டரிப் பக்கம் பாத்த பால்கனியில காயப்போட்டீங்களா?"

"ஆமாக்கா."

"அதான். இது எண்ணெய்க் கறை இல்ல, புகைக்கரி. எடுத்துப் பாக்கறேன். போகலைன்னா எங்க கடையைத் திட்டாதீங்க. வாசல்ல போர்டு இருக்கு, யாரைத் திட்டணும்னு அதுல எழுதியிருக்கேன்."

டிரை கிளீனிங் கடை வாசலில் கரும்பலகை வைத்தால், இரண்டு கோட்டு கொடுத்தால் மூன்றாவது இலவசம் என்று எழுதுவதுதான் உலக வழக்கம். அக்காவின் பலகையில் அந்த மாதிரி அழைப்பெல்லாம் கிடையாது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி, அச்சகம் என்று சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் போன வருடம் காற்றில் விட்டது எத்தனை கிலோ, ஆற்றில் விட்டது எத்தனை கிலோ என்று சாக்பீஸால் எழுதி, கோடு போட்டுப் பிரித்திருக்கும். அவரைத் தெருவில் எல்லோரும் 'புகை அக்கா' என்றுதான் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார். "இஸ்திரி அக்கான்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார்.

அந்த எண்களில் ரகசியம் எதுவும் இல்லை. பெரிய ஆலைகள் என்னென்ன ரசாயனத்தை எவ்வளவு வெளியே விட்டன என்று வருடந்தோறும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அரசு அதை அப்படியே இணையத்தில் போட்டுவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை.

அக்கா பார்க்கத் தொடங்கியது சமூக சேவைக்காக அல்ல, ரோஷத்தில். சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வீசினார். அதில் கடுகு கடுகாக மஞ்சள் புள்ளிகள். உங்கள் கடையில் போட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று கடை வாசலில் நின்று கத்தினார். அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தொழிலில் பழி வந்தால் அவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டிய மாதிரி. அந்த வீட்டுக்கே போய் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தார். எதிரே பீரோ தயாரிக்கும் கம்பெனி, அதன் பெயின்ட் அடிக்கும் கொட்டகை. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியும் அவருடைய வாடிக்கையாளர்தான். அவர்தான் நூலகத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முதல் நாள் ஒரு ரசாயனத்தின் பெயரும் அக்காவின் நாக்கில் ஏறவில்லை. "எல்லாம் மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருந்துச்சு. ஆனா பக்கத்துல கிலோன்னு போட்டிருந்தான். கிலோ எனக்குத் தெரியும்."

பலகை போதாது என்று, தோய்த்துத் தேய்த்த துணியோடு ஒரு துண்டுச் சீட்டையும் ஊக்கு குத்தி அனுப்புகிறார். அந்தந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலை எதுவோ, அதன் கணக்கு அந்தந்தச் சீட்டில். மாப்பிள்ளை கோட்டுப் பையில் கந்தக டை ஆக்சைடு கணக்கோடு கல்யாணத்துக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி சிரிப்பதில்லை.

கேலிக்குப் பஞ்சமே இல்லை. "ஏங்க்கா, புகையை எப்படித் தராசுல வச்சீங்க?" என்று கேட்காத ஆளே அந்தத் தெருவில் இல்லை. அக்கா பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்.

"தராசு எதுக்கு? கேன்ல வாங்கினது இவ்வளவு. பொருள்ல ஒட்டிக்கிட்டது இவ்வளவு. கழிவுன்னு அனுப்பினது இவ்வளவு. மீதி எங்க போகும்? உங்க மூக்குக்குத்தான்."

ஆனால் ஒரு எல்லைக்கு மேல் அவரைப் பேச வைக்க முடியாது. குழந்தைக்கு இருமல் இதனால்தானா என்று கேட்டால், "அது டாக்டர் சொல்லணும். ஆலை விட்டதைத்தான் நான் சொல்லுவேன், உடம்புல பட்டதைச் சொல்ல எனக்குத் தெரியாது" என்று முடித்துவிடுவார். ஒரு வருடம் ஏதோ அவசரத்தில், அச்சகம் பீப்பாயில் அடைத்துச் சுத்திகரிக்க அனுப்பியதை எல்லாம் காற்றில் விட்டதாக எழுதிவிட்டார். தெருவே கொதித்தது. தப்பு தெரிந்ததும் பலகையை அழித்ததோடு விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, தான் குத்தி அனுப்பிய சீட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். பேசாமல் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாமே என்றார் நூலகப் பெண்மணி. "தப்பைத் தப்புன்னு சொல்லலைன்னா, அப்புறம் நான் சரியாச் சொல்றதை எவன் நம்புவான்?"

பீரோ கம்பெனி விஷயத்தில் அந்த நம்பிக்கைதான் வேலை செய்தது. அதே மாதிரி பீரோ செய்யும் இன்னொரு கம்பெனி வேறு ஊரில் இருப்பதை அக்கா கண்டுபிடித்தார். அவர்கள் கணக்கில் பெயின்ட் ஆவி பாதிகூட இல்லை. இங்குள்ள கம்பெனியின் சூப்பர்வைசர், தொழிலாளர்களின் சீருடைகளை வாராவாரம் அக்காவிடம்தான் சலவைக்குக் கொடுப்பவர். இரண்டு கம்பெனிகளின் கணக்குச் சீட்டையும் சீருடை மூட்டையின் மேலேயே வைத்துக் கட்டி அனுப்பினார் அக்கா.

மறுநாளே வந்தார் சூப்பர்வைசர். "என்னக்கா, கம்பெனியை மூடச் சொல்றீங்களா? நாங்கல்லாம் எங்க போறது?"

"மூடச் சொல்வேனா? மூடினா இந்தச் சீருடை எனக்கு எங்கேருந்து வரும்? அவங்களும் பீரோதானே பண்றாங்க, எப்படி இவ்வளவு கம்மியா விடறாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அவ்வளவுதான்."

"நாங்க எவ்வளவு விடலாம்னு சட்டத்துல இருக்கு. அதுக்குள்ளதான் இருக்கோம்."

"சட்டத்துக்குள்ள இருக்கீங்க, சரி. என் மூக்குக்குள்ளயும் இருக்கீங்களே."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். போன் போட்டும் கேட்டார். ஈர பெயின்ட்டை விட்டுவிட்டு, பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் முறைக்கு அந்தக் கம்பெனி மாறியது. இப்போது அந்தப் பக்கத்து மொட்டை மாடிகளில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. பலகையில் அந்த எண்ணைக் குறைத்துத் திருத்தி எழுதிய அன்று, அக்கா தெருவில் போனவர் வந்தவரை எல்லாம் நிறுத்திக் காட்டினார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் கடைக்கு லைசென்ஸ் வந்த அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் வாயே திறப்பதில்லை. அக்காவின் வீட்டுக்காரர். கடையின் பின்கட்டில், வட்டக் கதவு வைத்த பெரிய மெஷினோடு அவர் வாழ்க்கை நடக்கிறது. கோட்டும் பட்டும் தண்ணீர் தாங்காது. அவற்றைத் தண்ணீர் படாமல் அலச ஒரு கெமிக்கல் உண்டு. அதை மெஷினில் ஊற்றுவதும், கதவை இறுக்குவதும், கழிவை வண்டிக்காரரிடம் ஒப்படைப்பதும் அவர் வேலை. பலகையைப் பற்றிக் கேட்டால், "அது முன்பக்கத்து டிபார்ட்மென்ட்" என்று கையைக் காட்டிவிடுவார்.

கடைக்கு மேலே குடியிருக்கும் பெண், சமீபத்தில் பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வந்தவள், ஒரு மத்தியானம் படியிறங்கி வந்து பலகையைப் படித்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அக்கா, உங்க மெஷின் வாசனையும் எங்க ஜன்னல் வழியா வருது. தித்திப்பா ஒரு மாதிரி. அது எத்தனை கிலோக்கா?"

"அதுவா? அது... நம்மளது சின்னக் கடைம்மா. பெரிய கம்பெனிங்கதான் கணக்குச் சொல்லணும். நம்மள மாதிரி ஆளுங்க சொல்ல வேண்டியதில்லன்னு சட்டமே இருக்கு."

"அப்படியா? சரிக்கா." அந்தப் பெண் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. சட்டத்துக்குள்ளதான் இருக்கோம் என்று சூப்பர்வைசர் சொன்னபோது எவ்வளவு மிடுக்காகப் பதில் சொன்னார்! அதே வார்த்தை இப்போது தன் வாயிலிருந்தே வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் வரை வந்த துணிகளில் ஒன்றைக்கூட அவர் முகர்ந்து பார்க்கவில்லை. கையில் எடுத்த சீட்டை ஊக்கு குத்தாமலே கீழே வைத்தார்.

கடை சாத்தும் நேரத்தில் பின்கட்டுக்குப் போனார்.

"என்னங்க, நம்ம கணக்கு எவ்வளவு வரும்?"

"என்ன கணக்கு?"

"நாம விடறது."

அவர் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். "ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? நம்ம வயித்துல நாமளே அடிச்சுக்கறதா? இதைப் போர்டுல எழுதினா, நாளைக்கு எவன் கோட்டைக் கொண்டாந்து கொடுப்பான்? மாடி வீட்டுக்காரி காலி பண்ணுவா. அப்புறம் ஓனர் நம்மளையே காலி பண்ணச் சொல்வான். இந்த மெஷினை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதற்கப்புறம் சில நாட்கள் இரண்டு பேரும் துணியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். தண்ணீரிலேயே பதமாக அலசும் மெஷின்கள் வந்திருப்பதாக நூலகத்தில் படித்துவிட்டு வந்தார் அக்கா. அதைச் சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்காரர் மெஷின் கதவை இறுக்கி ஓடவிட்டார். மேலே குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவின் கையில் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்று போகும்.

ஒரு காலையில், கடை திறந்த கையோடு, அக்கா பலகை முன்னால் நின்றார். வாங்கிய கேன்கள் எத்தனை, கழிவாகப் போனது எவ்வளவு என்று தனக்குத் தெரிந்தவரை மனக்கணக்குப் போட்டார். ஃபவுண்டரிக்குக் கீழே, அச்சகத்துக்கும் கீழே, அதே அளவு எழுத்தில் தன் கடைப் பெயரை எழுதினார். பக்கத்தில் எண்ணை எழுதினார். பார்வைக்குச் சின்ன எண்தான். மாடி வீட்டுப் பெண் குழந்தையோடு கடைசிப் படியில் வந்து நின்று அதைப் படிப்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பின்கட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். பலகையை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் படித்தது அன்றுதான்.

இப்போது அழிக்கப் போகிறார் என்று அக்கா நினைத்தார். அழிக்கத்தான் செய்தார். கடைப் பெயரைத் தொடவில்லை, எண்ணை மட்டும் உள்ளங்கையால் துடைத்தார்.

"மெஷின் கதவு ரப்பர் தேஞ்சு போச்சு. மாத்தாம ஓட்டிக்கிட்டு இருக்கேன். அதுல ஆவியாப் போறதுக்கு ஈடா நான் தனியா கேன் வாங்கி ஊத்தறேன். அதை நீ சேர்க்கலை" என்றார், தெருவைப் பார்க்காமல். பிறகு மனைவியின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, துடைத்த ஈரம் காயும் வரை நின்று, அங்கே அதைவிடப் பெரிய எண்ணை எழுதினார்.