நின்றால் சரி, ஓடினால் தப்பு: கேமரன் மலை டிரையரும் நானும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கேமரன் மலைக்குப் போனேன். தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் பிடிக்க அல்ல. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் மூன்று வாரமாகத் தேயிலை கருகுகிறது, இலையைக் காயவைக்கும் டிரையரின் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். மீட்டர் சரியென்றால் டிரையர் ஓட்டும் செல்வத்துக்கு வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இதைப் போனிலேயே சொன்னார், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. கேள்வியோடு பதிலையும் சேர்த்துக் கொடுக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

ஈப்போவில் காலை 5.40க்குக் கிளம்பினேன். சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜா வரை என் வண்டிக் கணக்கில் 68 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். (அந்தக் கணக்கையும் முழுதாக நம்பவில்லை, டயர் தேய்ந்திருக்கிறது.) வழியில் பசியாற இரண்டு ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, ஒரு தே தாரே என்கிற ஆற்றிய டீ, ஆறு ரிங்கிட் ஐம்பது சென். திரிங்காப்பில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் போயிற்று. ஃபேக்டரிக்குள் நுழையும்போது மணி 8.15.

டிரையர் இன்னும் ஓடவில்லை. செல்வத்துக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பெட்டியைத் திறந்ததிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் ஏன் இப்படி முறைக்கிறார், மடியில் கனமோ என்று தோன்றியது. டிரையருக்குள் சூட்டை அளக்கும் உணரியை வயரோடு கழற்றி, நான் கொண்டுபோன சூடேற்றியில் வைத்தேன். தேயிலைக்கு வேண்டிய 98 டிகிரியை வைத்தேன், மீட்டரும் 98 காட்டியது. மூன்று முறை பார்த்தேன். "மீட்டர் சரி. ஓட்டுறவர்தான் சூட்டைக் கூட்டியிருப்பார்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நிப்பாட்டி வெச்சி பாத்தா எல்லாம் நல்லாதான் இருக்கும் சார். ஓடறப்ப பாருங்க லா" என்றார் செல்வம்.

தப்பிக்க வாய்தா வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் உணரியைத் திரும்ப மாட்டி ஓட்டச் சொன்னேன். அரை மணி கழித்து மீட்டர் 98. பக்கத்தில் நான் செருகிய என் சொந்த உணரி 116. பதினெட்டு டிகிரி வித்தியாசம்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். வயர் சேரும் சின்னப் பெட்டி, சூடான காற்றுக் குழாய்க்கு மேலே தொங்கியது. உணரியின் இரண்டு கம்பியும் வேறு வேறு உலோகம். அதே வகைக் கம்பி மீட்டர் வரை போக வேண்டும். இங்கே பெட்டியிலிருந்து வெறும் செம்பு வயர். வேறு உலோகங்கள் சேரும் ஒட்டு சூடானால் அங்கேயும் துளி மின்சாரம் பிறந்து கணக்கைக் கெடுக்கும். பெட்டி 38 டிகிரி, மீட்டர் இருந்த அறை 20. அந்தப் பதினெட்டை மீட்டர் முழுங்கிவிட்டது. காலையில் எல்லாம் குளிர்ந்து கிடந்ததால் தப்பே தெரியவில்லை.

"பெட்டிய யாரு அங்க மாட்னது?" என்றார் கிராணி.

"நாந்தான். பனி உள்ள எறங்கி பெட்டி நனைஞ்சிச்சி, நம்பர் குதிச்சிச்சி. காயட்டும்னு தூக்கி மாட்னேன். வயர் எட்டல. நீங்க ஸ்டோர்லேருந்து குடுத்தத போட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "வயர் எடுத்துக் குடுத்தது யாருன்னும் சேத்து எழுதவா?" என்று கேட்டேன். கிராணி ஃபைலை மூடினார். செல்வம் மீட்டரைப் பார்த்துச் சரியாகவே ஓட்டினார் என்று எழுதி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் நானே கொடுத்தேன். படித்துவிட்டு, "சரியான வயர் போடுங்க. செல்வம் ஓட்டட்டும்" என்றார்.

போகிறவர்களுக்கு: வார இறுதியைத் தவிருங்கள். பெட்ரோலை அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் விளக்கைப் போடுங்கள். என் தொழில்காரர்களுக்கு: கருவியை அது வேலை செய்கிற சூட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள்.

கிளம்பும்போது செல்வத்திடம் கை நீட்டினேன்.

"கிராணிகிட்ட மொதல்ல எம்மேல பழி சொன்னது நீங்கதானே சார்?"

ஆமாம் என்றேன். அவர் கை கொடுக்கவில்லை. டிரையரைப் பார்க்கப் போய்விட்டார்.