நாலடிக் கோட்டுக்குக் கீழே

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் நான்கு வயதில் மூன்று வருடம் இருப்பார்கள். ரயிலில் ஐந்து வயதிலிருந்து டிக்கெட் உண்டு என்பதால் அப்படி ஒரு நீண்ட நான்காம் வயது. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகும்போதெல்லாம், பரிசோதகர் வருவதற்கு முன்பே பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொள்ளும்: நாலு, நாலு, நாலு. பல் விழுந்து முளைத்த பிள்ளையும் நாலு. கல்யாணமாகி வந்த புதிதில் இதை வறுமையின் தந்திரம் என்று நினைத்து இரக்கப்பட்டேன். வறுமையாவது ஒன்றாவது. வீட்டுக்குள் இரண்டு அரசாங்கச் சம்பளம், அடுத்த தெருவில் இன்னொன்று. எல்லாம் ருசிக்காகத்தான். ஏமாற்றிய ருசியை ஊறுகாய்போல நாக்கின் ஓரத்தில் வைத்துச் சப்பிக்கொண்டே ஊர் போய்ச் சேருவார்கள்.

என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது எர்ணாகுளம் பக்கத்தில் ஒரு தீம் பார்க் திறந்து, அதன் பேச்சு திருவனந்தபுரத்து வாடகை வீடுகளில் மழைக்காலக் காய்ச்சல்போல இறங்கியிருந்தது. கரமனையில் எங்கள் தெருவில் போய் வந்தவர்கள், போகாதவர்கள் என்று இரண்டு ஜாதி உண்டாயிற்று. போய் வந்தவர்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு போட்டோ இருக்கும்: ரப்பர் வளையத்துக்குள் குடும்பத் தலைவர், வயிறு மட்டும் மேலே, முகத்தில் பதவி உயர்வு கிடைத்த சிரிப்பு. அந்தப் பூங்காவின் விளம்பரத் தாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சொட்டு நீலம் கரைத்ததுபோலத் தண்ணீர். சிமெண்ட் யானை. சிமெண்ட் பாறை. பாறைமேல் நின்ற பெண் மட்டும் சிமெண்ட் இல்லை, அவள் சிரிப்பு சிமெண்ட்.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் விழிஞ்ஞம். அங்கே கடல் விடியுமுன்பே எழுந்து வலைக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். யாரிடமும் டிக்கெட் கேட்காது. யார் உயரத்தையும் அளக்காது. அதை விட்டுவிட்டு, மோட்டார் போட்டு அலை எழுப்புகிற குளத்தில் கால் நனைக்க இருநூறு கிலோமீட்டர் போகத் துடித்தார்கள். நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்க எனக்கு உரிமை இருப்பதாக நம்பினேன்.

மகள் அந்தத் தாளில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்த்தாள். உயரத்திலிருந்து ஒரு படகு, மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு, தண்ணீரில் விழப்போகிற கணம். அவள் வகுப்புத் தோழி அதில் ஏறியிருந்தாள்.

“மேலேருந்து விழும்போ வயிறு தொண்டைக்கு வருமாம் அம்மா. ஆனா நாலடி பொக்கம் வேணும். இல்லேன்னா கேத்த மாட்டாங்க.”

“வயிறு தொண்டைக்கு வரணும்னா தம்பானூர் ஆட்டோ போதுமே மக்ளே.”

அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் பள்ளிக்கூடம் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை ஜன்னல் கம்பியில் தொங்கினாள். கால்களை இறுக்கி நீட்டிக்கொண்டு தூங்கினாள். நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் படகு. யானையும் பாறையும் அலைக்குளமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. படகு ஒன்று போதும், அதற்கு நாலடி உயரம் போதும்.

திட்டமிடும் பொறுப்பு என் கணவரின் அண்ணனிடம் போனது. போனது என்றால், அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த தெருக்காரர், ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின், நாடா கட்டிய அசல் ஆபீஸ் ஃபைலோடு வந்து உட்காருவார். முதல் தாளில் ‘பொருள்: குடும்ப உல்லாசப் பயணம்’ என்று எழுதி அடிக்கோடு. பிறகு ரயிலுக்கு ஒரு தாள், கட்டுச்சோற்றுக்கு ஒரு தாள், மாற்றுத் துணிக்கு ஒரு தாள். மூத்திரத்துக்கும் தனித் தாள் இருந்தது. அவர் வாசிப்பார், என் கணவர் தலையாட்டுவார். தலையாட்டுவதற்கென்றே சிலருக்குக் கழுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

“தம்பானூர்லேருந்து காலம்பற வண்டி. அதுக்கு முந்தி எல்லாரும் வெளிய போயிருக்கணும், கேட்டியா. வண்டியில போறது சரிப்படாது.”

“சரிண்ணே.”

“வரல்லேன்னா அத்தான்?” என்று நான் கேட்டேன்.

“வர வைக்கணும்,” என்று சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத் தாளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அவர் புதையலைக் கண்டெடுத்தார். நாலடிக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரை டிக்கெட். உடனே மகளைக் கூப்பிட்டுக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். நாலடிக்கு அரை விரல் குறைவு. அவர் முகம் மலர்ந்தது, அவள் முகம் வாடியது. ஒரே கோடு.

“ஆனா லீவு ஏப்ரல்லதானே,” என்று அவர் கவலைப்பட்டார். “அதுக்குள்ள இவ வளந்துருவாளே.”

“வளரதுக்குத்தானே அத்தான் சோறு போடுகோம்.”

“நீ கவித பேசாதே. பாலைக் கொஞ்சம் கொறச்சா என்ன?” பிறகு என் முகத்தைப் பார்த்து, “சும்மா சொன்னேன், சாரமில்ல,” என்றார்.

சும்மா சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலை கதவு நிலைதான். ஒரு பிள்ளை வளர்வதைத் திருட்டைப்போலக் கண்காணித்த வீடு ஊரில் வேறு இருந்திருக்காது. ஏப்ரல் இரண்டாவது வாரம் கோடு நாலடியைத் தாண்டி அரை விரல் மேலே விழுந்தது.

“நாலடி! நாலடி கழிஞ்சாச்சு!” என்று மகள் வீடு முழுக்க ஓடினாள். அத்தான் துக்க வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். காப்பி குடித்த பிறகு தெளிந்தார்.

“முட்ட மடக்கினா என்ன?”

நீளப் பாவாடை போட்டுவிட்டால் முழங்கால் மடங்குவது வெளியே தெரியாது. இது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு ஒத்திகை வேண்டும் என்றார். கதவு நிலை அளவுக் கம்பம் ஆனது. அளப்பவன் வேஷம் எனக்கு.

“நீதான் கேட்டுக்காரன். நல்லா அதட்டி ‘நிமிந்து நில்லு’ன்னு சொல்லணும். எத்தன தடவ சொன்னாலும் இவ மடக்கியே நிக்கணும். மொகத்துல ஒண்ணும் தெரியப்படாது.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவர்களோடு சண்டை போட வேண்டும். சண்டை போடும் அளவுக்குக்கூட அவர்களை நான் மதிக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, இல்லாத மீசையை முறுக்கி, குரலைத் தாழ்த்தினேன். “ஏய் குட்டீ! நிமிந்து நில்லு!”

பாவாடைக்குள் முழங்கால்கள் மெழுகாய் இளகின. முகம் மட்டும் தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியின் முகம்போல அசையாமல் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு வாரம் தினமும் நடந்தது. நான் அதட்ட அதட்ட அவள் இன்னும் நேர்த்தியாகக் குறைந்தாள்.

“கேட்ல மடக்கணும், போட்ல நிமிரணும். அப்டித்தானேம்மா?”

“புத்தி!” என்று அத்தான் தொடையில் தட்டினார். “இவ அப்பனுக்கு இல்லாத புத்தி!” அப்பனும் சேர்ந்து சிரித்தார்.

மே மாதம் போனோம். வண்டியில் புளிச்சோற்று மணமும் அத்தானின் அறிவிப்புகளும் நிறைந்திருந்தன. பூங்கா வாசலில், நாலடியில் பச்சைக் கோடு போட்ட ஒரு கம்பம். மகள் போய் நின்றாள், மடக்கினாள், அளந்து பார்த்த கேட்டுக்காரன் ஒன்றும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டினான். எங்களுக்கெல்லாம் சிவப்பு. அத்தான் அவள் தோளைப் பிடித்து அமுக்கினார். ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்த அமுக்கல்.

வேறு எதுவும் வேண்டாம் என்று நேரே படகுக்கு இழுத்துப் போனாள். வெயிலில் வரிசை நின்று படிகளில் ஏறினோம். மேலே ஒரு சிமெண்ட் கோமாளி நாலடி உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். மகள் அவன் கைக்கடியில் போய் நின்று, குதிகால்களைச் சேர்த்து, மோவாயை நிமிர்த்தினாள். உச்சந்தலை அவன் கையில் இடித்தது. ஐந்து மாதம் கம்பியில் தொங்கிய தலை. படகில் ஏற்றுகிறவன் தலையைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்தான்.

“மஞ்ஞ பாண்டாணல்லோ. கேற்றான் பற்றில்ல.”

மஞ்சள் பட்டைக்குப் படகு கிடையாது. அத்தான் பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்துப் புரட்டினார். அரை டிக்கெட் என்ற வரிக்கு நேர் கீழ் வரியில் அது அச்சாகியிருந்தது. மூத்திரத்துக்குத் தனித் தாள் போட்டவர், தனக்குச் சந்தோஷம் தந்த வரியோடு வாசிப்பை நிறுத்தியிருந்தார்.

“சரி, இவ அடுத்த வருசம் போலாம்,” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். என் கணவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அண்ணன் ஒத்தைக்குப் போகணும்லா,” என்று முனகிவிட்டு அவரும் ஏறினார்.

நான் அவள் கையைப் பிடித்துப் படியிறங்கி வாசலுக்கே நடந்தேன். கோபத்தில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதே கம்பம், அதே ஆள். மலையாளத்தில் பணிவாகச் சொன்னேன்: அளந்ததில் தவறிவிட்டது, இன்னொரு முறை பாருங்கள், முழு டிக்கெட் எடுக்கிறேன். அவன் பெருமூச்சு விட்டான். அவளைக் கம்பத்தில் நிறுத்தினேன்.

“நிமிந்து நில்லு,” என்றேன்.

முழங்கால்கள் இளகின. நீதிபதி முகம். கண்ணோரத்தில் எனக்கு மட்டும் ஒரு மினுக்கம், சரியாகச் செய்கிறேனா என்று.

“கண்டோ? குறவாணு,” என்றான் அவன்.

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன், “மடக்காதே மக்ளே. உள்ளபடிக்கு நில்லு.”

“வெளையாட்டுக்கா, உள்ளதுக்கா?”

“உள்ளதுக்கு.”

மெல்ல எழுந்தாள். தலை பச்சைக் கோட்டுக்கு அரை விரல் மேலே வந்து நின்றது. அவன் சிரித்தான், எனக்காக இல்லை, பின்னால் நின்ற வரிசைக்காக. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்றான். டிக்கெட்டுக்காகப் பிள்ளையைக் குறைக்கிறவர்களைத் தினமும் பார்ப்பதாகவும், படகுக்காக எம்ப வைக்கிற அம்மாவை இன்றுதான் பார்ப்பதாகவும் மலையாளத்தில் உரக்கச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ரெண்டு வட்டம் குறவு, மூணாம் வட்டம் கூடுதல். அதெங்ஙனே சேச்சீ?”

இரண்டு தடவை குறைவு, மூன்றாம் தடவை மட்டும் கூடுதல், அது எப்படி என்று கேட்கிறான். பதில் ஒரே ஒரு வாக்கியம். நாங்கள்தான் மடக்கக் கற்றுக்கொடுத்தோம். அது மலையாளத்தில், இலக்கணச் சுத்தமாக, என் நாக்கில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டுப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினால் போதும், தரையில் பதிந்த இரண்டு குதிகால்களும் சாட்சி. வரிசையில் இருபது பேர் இருப்பார்கள். கூலிங் கிளாஸ், தொப்பி, கழுத்தில் டவல், வாய் நிறைய சிப்ஸ். காலையிலிருந்து நான் மனத்துக்குள் ஏளனம் செய்துகொண்டு வந்த அதே கூட்டம். அவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எம்பிட்டா போலிருக்கு. சின்னப் பிள்ளைதானே,” என்றேன்.

கூட்டம் சிரித்து நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். சிமெண்ட் யானையின் காலடியில் வந்ததும் அவள் நின்றாள்.

“நான் எம்பல்லம்மா.”

“தெரியும்.”

“அப்பம் ஏன் அப்டிச் சொன்னே?”

ஐஸ்கிரீம் வேணுமா என்று கேட்டேன். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே, வேணும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் பட்டை நனையாமல் இருக்க அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு தின்றாள். எங்களுக்குப் பின்னால் படகு விழுந்தது. அதிலிருந்து ஒரு அலறல் கேட்டது. அத்தானுடைய குரல்தான்.