உப்பு தாங்கும், சேறு ஏமாற்றும்

பிடித்ததை விடமாட்டாள் என்பதால் துறைமுகம் முழுக்க அவளுக்கு உடும்பு என்றுதான் பெயர். பெரியப்பாவின் சரக்குத் தோணிக்குச் சுக்கான் பிடிப்பவள்.

முதல் சவாரியிலேயே மானம் போனது. முகத்துவாரத்தில் தோணியின் பக்கத்தில் சரக்கு அளவுக்குப் போட்டிருந்த வெள்ளைக்கோடு தண்ணீரைத் தொடும்வரை செங்கல் ஏற்றினாள். கடல் கலந்த உப்புத் தண்ணீர் கனமானது. தோணியைத் தூக்கிப் பிடித்தது. மேலே ஆற்றின் நல்ல தண்ணீருக்கு அவ்வளவு தெம்பில்லை. தோணி இன்னும் இறங்கி, பாலத்தடி மணல்திட்டில் எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"இன்னொரு தடவை தரை தட்டினா சுக்கான் உன் தம்பிக்கு," என்றார் பெரியப்பா. தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

உடும்பு அழவில்லை. அழுதிருந்தாலும் யாரும் பார்க்கவில்லை. ஒரு காலி ஷாம்பு பாட்டிலில் கொஞ்சம் மணல் போட்டு மூடினாள். உப்புத் தண்ணீரில் அது நிமிர்ந்து மிதந்தது. ஆற்றுத் தண்ணீரில் கழுத்துவரை முங்கியது. வெள்ளைக்கோட்டுக்கு நாலு விரல் கீழே தோணியில் ஒரு சிவப்புக்கோடு போட்டாள். இனி முகத்துவாரத்தில் அதுவரைதான் சரக்கு.

அடுத்த சவாரிக்குள் மழை கொட்டி ஆறு செம்மண் குழம்பாகிவிட்டது. ஆறு வேகமாகத் திரும்பும் வளைவிலிருந்து தம்பி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அதில் பாட்டிலை மிதக்கவிட்டான்.

"பாத்தியா அக்கா, முன்னைவிட நிமிந்து நிக்குது! சேறு கலந்தா தண்ணி கனக்குதுல்ல? கோட்டுக்கு மேல ரெண்டு விரல் ஏத்து."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் தொல்லை.

"வாளியை ஆட்டாத. சாப்பிட்டு வந்து பாக்கலாம்."

சாப்பிட்டு வந்தபோது சேறு வாளியின் அடியில் படுத்துவிட்டது. பாட்டில் பழையபடி கழுத்துவரை.

"உப்பு கரைஞ்சது கரைஞ்சதுதான்டா, அடியில உக்காராது. சேறு அப்படியில்ல, தண்ணி ஓடுற வரைக்கும்தான் கூட வரும். பாலத்தடியில ஆறு மெதுவாகுதுல்ல? அங்க படுத்துக்கும். அந்தத் திட்டே அப்படி வந்ததுதானே!"

சிவப்புக்கோட்டோடு நிறுத்தினாள்.

"மிச்சக் கல்லை என்ன, அடைகாக்கப் போறியா?" என்று கேட்டபடி பெரியப்பா தானும் ஏறிக்கொண்டார். தரை தட்டினால் அந்த நிமிஷமே சுக்கானைப் பிடுங்கத்தான்.

பாலம் வந்தது. அவர் கை நீளுமுன் அவள் அதில் மூங்கில் கழியைத் திணித்தாள்.

"சும்மா நிக்காதீங்க பெரியப்பா, ஆழம் பாருங்க."

திட்டின் மேல் தோணி ஊர்ந்தது. அவர் கழியை ஊன்றிப் பார்த்தார். மறுபடி ஊன்றினார்.

"அடியில ஒரு விரல் இடம்தான் இருக்கு," குரல் இறங்கியிருந்தது. "நேரா பிடி. ஆட்டாத தாயி."

அவள் ஆட்டவில்லை. திட்டு பின்னால் போனது. அவர் சுக்கானைக் கேட்கவில்லை, கழியைக் கீழே வைக்கவும் இல்லை.

"அடுத்த மேடு எங்கடி வரும்?" என்றார்.