ஜெசிந்தா காட்டிய பிழை

ஜெசிந்தா இறந்த செய்தி சென்ற வாரம் நம் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. படத்துக்குக் கீழே வரிசையாக எல்லாரும் ஆர்.ஐ.பி. என்று மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தார்கள். அன்றைய மேனேஜரும் போட்டிருந்தார், கைகூப்பும் படத்தோடு. நான் எதுவும் போடவில்லை. நான் சொல்ல வேண்டியது மூன்று எழுத்தில் அடங்காது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த நம் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பொங்கலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆபீசில் எல்லாரும் புரட்டிப் போட்ட ஆங்கிலப் பத்திரிகையை எடுத்துவந்து அதிலுள்ள சொல் புதிரைப் போடுவார். இத்தனை எழுத்து, இன்னின்ன எழுத்து உள்ளே இருக்க வேண்டும், சொல்லைக் கண்டுபிடி என்கிற வகைப் புதிர். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த நானும் அந்த மேசையில் போய் உட்காருவேன். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன் நான். ஒரு நாளும் அவரை முந்தியதில்லை.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க வருது?" என்று கேட்டேன்.

"வித்தையெல்லாம் இல்லீங்க. தெரிஞ்ச எழுத்தை அதனதன் எடத்துல வெச்சுக்குவன். காலி எடத்துல ஏ-ல இருந்து இசட் வரைக்கும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாப்பன். எது வார்த்தையாட்டத் தெரியுதோ அதை டிக்‌ஷனரில தேடுவன். பாதிக்கு அர்த்தமே அப்பறந்தான் தெரியுமுங்க."

ஆந்தை டீசர்ட் ஆர்டர் பலருக்கும் நினைவிருக்கும். குழந்தைகள் சட்டையில் ஆந்தை முகம், அதன் இரண்டு கண்களும் இரண்டு ஓ. நாலெழுத்துச் சொல், நடுவில் இரண்டு ஓ வர வேண்டும், சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு சொல் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். பட்டதாரிகள் மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டு புக், குக், மூன், ரூம் என்று நாலோடு நின்றோம். ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். ஒரு அட்டைத் துண்டின் பின்பக்கம் கால் மணி நேரத்தில் பதினேழு எழுதிவிட்டார். அதில் ஹூஃப் என்ற ஒன்றைத் தொட்டு, "இப்படியொரு வார்த்தை இருக்குதா?" என்றார் மேனேஜர்.

"குளம்புங்க. எங்க ஊட்டு மாட்டுக்கே நாலு இருக்குதுங்க" என்றார் ஜெசிந்தா.

சிரித்தோம். 'எங்கள் டிசைன் குழுவின் யோசனை' என்று பையருக்கு மெயில் போனது. அதை டைப் செய்தவன் நான். ஆர்டர் வந்ததும் மேனேஜர் வெளிநாடு போய்வந்தார். ஜெசிந்தாவுக்கு அன்று ஒரு டீயும் பப்ஸும் கிடைத்தன.

அடுத்த வருடம் பையன்களுக்கான டீசர்ட். 'ஃபாரஸ்ட் டிரெயில்', காட்டுப் பாதை என்று பிரிண்ட் ஆக வேண்டும். மாதிரித் துணி வந்த அன்றே ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் மேசைக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

"ஏனுங்க, ஏ-வும் ஐ-யும் எடம் மாறியிருக்குதுங்க. பாதைன்னா ஏ முன்னால வரோணும். இப்படி இருந்தா டிரயல், விசாரணைன்னு அர்த்தமாயிருமுங்க."

மேனேஜர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீ துணியில ஓட்டை இருக்குதான்னு மட்டும் பாரும்மா. இங்கிலீசைப் படிச்சவங்க பாத்துக்குவாங்க."

நான் துணியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்தப் பிழையோடே அச்சாகிப் போன சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. முதலாளி அறைக்கு எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். துணியில் ஓட்டை இல்லை என்று போடும் செக்கிங் தாளில் ஜெசிந்தாவின் கையெழுத்து இருந்தது. அதைத்தான் மேனேஜர் நீட்டினார்.

"பிரிண்டுக்கு முந்தியே கொண்டாந்து காட்டுனனுங்க" என்றார் ஜெசிந்தா. "இவருங்கூட அங்கதான் இருந்தாருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

"எட்டாவது படிச்ச பொம்பளைக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியப் போகுது?" என்றார் மேனேஜர், ஆந்தைக்குப் பன்னிரண்டு சொல் வாங்கிக்கொண்ட அதே மேனேஜர்.

அன்றே ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீங்களும் பார்த்தீர்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் மெஷின் வரிசை நடுவே நடந்து போனபோது ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. இங்கிலீஷ் தப்பு விட்ட ஆள் என்ற பெயர் அவருக்கு முன்னால் எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது. மங்கலத்தில் வாடகை வீட்டில் உட்கார்ந்து துணிக்குப் பிசிறு வெட்டினார். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி கிடையாது. வயிற்றில் வலி என்று வந்ததை மாத்திரை போட்டே தள்ளி, கட்டி முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

சென்ற வருடம் அங்கே போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பயமா இருந்துச்சுன்னு அன்னிக்கே எங்கிட்டத் தனியா வந்து சொல்லியிருந்தீங்கன்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்குமுங்க. பொழப்பு எல்லாத்துக்கும் வேணுமல்லொ. நீங்க ஞாபகம் இல்லைன்னீங்க. நான் வந்து நின்னதே இல்லைன்னு ஆக்கிட்டீங்க. அதை மன்னிக்க எனக்கு வரலீங்க. மன்னிச்சுட்டன்னு பொய் சொல்லி அனுப்பிவெக்க மனசில்லை."

அடக்கத்தன்று மேனேஜர் கல்லறைத் தோட்டத்தில் நின்று, தங்கமான மனுசி என்று பேசினார். தலையாட்டியவர்களில் நீங்களும் இருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெசிந்தா அந்தப் பிழையைக் கண்டார். பிரிண்டுக்கு முன்பே காட்டினார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன்.

நல்லவர்களிடமிருந்து ஆசி கிடைத்ததாக இப்படிப்பட்ட இரங்கல் கட்டுரைகளில் எழுதுவார்கள். எனக்கு அவர் கொடுத்தது ஒரு மறுப்பு. ஒப்புக்காகக்கூட அவர் என்னை மன்னிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே பொய் நுழையாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.