செலின் டீச்சரும் ஆளில்லாத ராஜஸ்தானும்

செலின் டீச்சர் போய்விட்ட செய்தியை அவள் மகள் கிரேஸ் ராஜஸ்தானிலிருந்து எஸ்.டி.டி.யில் அழைத்துச் சொன்னாள். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டதாம், லைன் கிடைக்கவில்லையாம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பாளையங்கோட்டையில் இருந்திருந்தால் கோவில் கொள்ளாத கூட்டம் வந்திருக்கும். அந்த மணலில் யார் இருக்கிறார்கள்?

நம் பள்ளியில் என்னோடும் அவளோடும் வேலை பார்த்தவர்கள் அவளுடைய புவியியல் வகுப்பை மறந்திருக்க முடியாது. மக்கள் அடர்த்திப் பாடம் வந்தால் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் இந்தியாவை வரைந்து, பிள்ளைகளையே மக்களாக நிறுத்துவாள். கங்கைச் சமவெளியில் மூச்சுமுட்ட நெருக்கியடித்து நிற்பார்கள். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் ஒருத்தி மட்டும். ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்த்தபோது அந்த இடம் காலி. நின்றவள் வங்காளத்துக்கு ஓடிப்போய்த் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அவளச் சொல்லிக் குத்தமில்ல சார். ஆளு இருக்க இடத்துக்குத்தான ஆளு போவும்?" என்றாள் செலின். ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

"ஆத்தங்கரையில வீட்டோட வீடு ஒட்டிக் கெடக்கு. தெக்க செம்மணல் தேரிக்காட்டுல ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேக்காது. நாடும் அப்படித்தாம்ட்டி" என்று என்னிடம் அடிக்கடி சொல்வாள். அவளோ சுத்தமாகக் கூட்டத்துக்காரி. கணவர் போனபிறகு தனியாகச் சாப்பிடவே மாட்டாள். விடுமுறை நாளில் தூக்குச்சட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவள் ஓய்வுபெற்றபோது கிரேஸுக்குப் பிள்ளை பிறந்தது. மருமகனுக்கு வேலை அந்தப் பாலைவனத்தில். போகாதே என்று நான் சண்டை போட்டேன். "அங்கன செத்தா தூக்க நாலு பேரு கிடைக்க மாட்டாவட்டி!"

அவள் முகம் வாடிவிட்டது. "அந்தப் பயந்தான் எனக்கும். ஆனா எம் பிள்ள அங்கன ஒத்தையில நிக்காள்லா" என்றாள். மறுவாரமே ரயிலேறிவிட்டாள்.

அந்தக் கோபம் அடங்காமல்தான் அன்று போனில் கிரேஸிடம் கேட்டேன்.

"அடக்கத்துக்கு எத்தன பேரும்மா வந்தாவ?"

"இருபது முப்பது பேரு இருக்கும் அத்தை."

"அவ்வளவுதானா?"

"ஊரே அவ்வளவுதான் அத்தை. எல்லாரும் கதவப் பூட்டிட்டு வந்துட்டாவ. அம்மாவ அவங்கதான் தூக்குனாவ. நம்ம முறை தெரியாது, என்ட்ட கேட்டுக் கேட்டுச் செஞ்சாவ. அன்னைக்கு ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போன வாரம் எங்கள் தச்சநல்லூர்த் தெருவில் நாலாவது வீட்டில் ஒரு சாவு. இத்தனை வருஷத்தில் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத வீடு. கதவைப் பூட்டிவிட்டுப் போய், எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். செலினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.