சந்தனம் பட்ட டேப்

“சேவ் பண்ணியாச்சு” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதில் பண்ணினாய், எங்கே வைத்தாய், யார் கை பட்டது என்று கேட்பேன். பக்கத்து வீட்டுப் பெண் போன மாதம் பென் டிரைவைத் துணியோடு துணியாக ஊறப்போட்டுவிட்டு அழுதாள். ஒரு நகல்கூடவா எடுத்து வைக்கவில்லை என்று திட்டினேன். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எங்களிடம் இரண்டு நகல்கள் இருந்தது நினைவுக்கு வந்தது. இருந்து என்ன கிழித்தோம்?

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குக் கூலியாட்களை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் நான் பஞ்ச் ஆபரேட்டர். அந்த அலுவலகம் இப்போது இல்லை, பேரும் வேண்டாம். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. எனக்கு முன்பே தூத்துக்குடிக்கு வந்துவிட்ட என் அண்ணன் அதே அலுவலகத்தின் தினக்கூலி ஆள். காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கைகாட்டினால் உப்பு மூட்டையோ நிலக்கரியோ சுமக்கலாம், காட்டாவிட்டால் திரும்பி வரவேண்டியதுதான். ஒருமுறை மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவனால் குனிந்தால் சட்டென்று நிமிர முடியாது. இனியும் சுமை தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிரந்தரமாக்கிவிட்டால் கேட் காவல் மாதிரி உட்கார்ந்த வேலை கிடைக்கும். அதற்கு, இத்தனை வருடம் விடாமல் வேலைக்கு வந்தான் என்று பதிவு இருக்க வேண்டும்.

அந்தப் பதிவு முதலில் கார்டில் இருந்தது. தடித்த அட்டை, ஒரு மூலை வெட்டியிருக்கும். நான் தட்டத் தட்ட அதில் சின்னச் சின்னச் செவ்வகமாக ஓட்டை விழும். ஓட்டை இருக்கிற இடத்தை வைத்து இது எழுத்து, இது எண் என்று வெறும் கண்ணாலேயே படித்துவிடலாம். ஒரு கார்டு கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று அடித்து வைத்தால் தீர்ந்தது. ஆனால் தூத்துக்குடிக் காற்று பொல்லாதது. உப்பும் ஈரமுமாக அட்டை ஊதிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அறை முழுக்கக் கார்டுப் பெட்டி, நடக்க வழியில்லை. பக்கத்தில், தந்தி மாதிரி செய்தி அனுப்பும் டெலக்ஸ் அறையில் ஓட்டை விழுந்த காகித நாடா ஓடும். அது கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். அதையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தடவலாம்.

பிறகு டேப் வந்தது. கார்டுகளையெல்லாம் டிரங்குப் பெட்டியில் அடைத்து ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்பினோம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அத்தனையையும் படித்து ஒரு காந்த நாடாச் சுருளில் ஏற்றித் தந்தது. அறை நிறைய இருந்த அட்டை ஒரு சுருளுக்குள் போய்விட்டது! பத்திரத்துக்கு அதேபோல் இன்னும் இரண்டு. மெட்ராஸில் வைத்திருக்க வாடகை கேட்டார்கள் என்று மூன்றையும் எங்கள் பீரோவுக்கே கொண்டுவந்துவிட்டோம். அதைப் படிக்கிற மிஷின் எங்களிடம் கிடையாது. கார்டை எடைக்குப் போட்டாயிற்று. கப்பலடியில் எழுதிய வருகைத் தாள்களைக் கரையான் முன்னமே தின்றுவிட்டது.

பயிற்சிக்கு என்னை மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அடுக்கி வைத்த தோசைக்கல் மாதிரி டிஸ்க் என்று ஒன்றைக் காட்டினார்கள். டேப்பில் நடுவில் இருக்கும் ஒரு பேர் வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும், டிஸ்க்கில் நேரே அந்த இடத்துக்குப் போகலாம் என்றார்கள். எதுவானாலும் தூசியும் ஈரமும் எமன், விரல்கூடப் படக் கூடாது என்று அங்கிருந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

அண்ணன் ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்தபோது பீரோவின் கண்ணாடிக் கதவு வழியாக டேப்பை எட்டிப் பார்த்தான். “ஏளா, இதுல எம் பேரு எங்கன இருக்கு?”

“உள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாதுண்ணே.”

“சாமி மாதிரின்னு சொல்லு,” என்று சிரித்தான்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் எதையும் விடமாட்டோம். தராசு, அரிவாள்மனை, சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் குற்றம். எங்கள் சூப்பர்வைசர் பீரோவைத் திறந்து மூன்று டேப்பையும் எடுத்து, மூடியையும் கழற்றிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்.

“சார், தொறக்கக் கூடாதுன்னு மெட்ராஸ்ல சொல்லிருக்காங்க. ஒண்ணையாவது பீரோவுலயே வைங்க சார்.”

“பெட்டிக்குள்ள வச்சுக் கும்பிட்டா பெட்டிக்குத்தாம்மா பூசை. சரஸ்வதி முன்னால வச்சா கெட்டா போயிரும்? சந்தனப் பொட்டை மூடியில வச்சுக்கிடுவோம், போதுமா?”

மனுஷர் நல்லவர்தான். அதுதான் கொடுமை. நான் சுண்டல் தாளிக்கப் பின்பக்கம் போனேன். வாழைக்கன்று கொண்டுவந்து கட்டிய அண்ணனிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறார்கள், மூடியில் மட்டும் வை என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பஞ்ச் மிஷின், மேசை, கதவு எங்கும் பொட்டு. சுருளின் பக்கத்தட்டில் உள்ள திறப்பு வழியாக மூன்று டேப்பின் மேலும் பன்னீரில் குழைத்த சந்தனம் வழிய வழிய அப்பியிருந்தது, அதற்கு மேல் குங்குமம். அண்ணன் கைகூப்பி, கண்மூடி நின்றான். அவன் அவ்வளவு மனசாரக் கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

“ஐயோ, தொடைக்கணும்,” என்று கையை நீட்டினேன். “பூசையில வச்சதக் காலையிலதாம்மா எடுக்கணும்,” என்று சூப்பர்வைசர் தடுத்துவிட்டார். காலையில் சந்தனம் காய்ந்துபோயிருந்தது. ஈரத் துணியால் மேலாகத் துடைத்தார்கள், மூடினார்கள், பீரோவில் வைத்தார்கள். உள்ளே போனதை யார் துடைக்க? கெட்டுவிட்டதா இல்லையா என்று பார்க்க மிஷின்தான் இல்லையே. ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து, தினக்கூலிகளை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது. டேப் மூன்றும் மெட்ராஸுக்குப் போயின. ஒரு நாள் சூப்பர்வைசருக்கு டிரங்க் கால் வந்தது. பேசப் பேச அவர் முகம் செத்துப்போயிற்று. சுருளின் வெளிச்சுற்றுகள் மட்டும் ஓடினவாம். அதற்குள்ளே நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பதிவைத் தாங்கும் பழுப்புப் பூச்சு உரிந்து கையோடு வருகிறதாம். மூன்றிலும் அதே கதை. முதலில் சேர்ந்தவர்களின் பேர் வெளிச்சுற்றில் இருந்தது, அவர்கள் தப்பித்தார்கள். அண்ணன் பிந்திச் சேர்ந்தவன்.

பேர் கிடைக்காதவர்கள் மேஸ்திரியிடம் சாட்சி வாங்கி வரவேண்டும் என்றார்கள். மேஸ்திரி வாயைத் திறந்தால் வராத ஆளுக்கும் வருகை எழுதி அவர் கூலி எடுத்த தில்லுமுல்லு வெளியே வரும், திறப்பாரா? அண்ணனிடம் ஒரே ஒரு கார்டு இருந்தது. வேலை பழகிய நாளில் விளையாட்டாக அவன் பேரை அடித்து நான் கொடுத்தது. முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரி மேசையில் வைத்தான். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல உன் பேரு மட்டுந்தாம்ப்பா இருக்கு. நீ வேலைக்கு வந்த பதிவு இல்லையே.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. மிஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான்.

“ஏளா, நான் சந்தனம் வச்ச எடந்தானா?”

மிஷின் கோளாறு வாயில் வரவே இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்து தன் வலது கை விரல்களைப் பார்த்தான்.

“எம் பேரு உள்ள இருக்குன்னு சொன்னியா, அதான் கூட வச்சேன். கொஞ்சமா வச்சிருக்கலாம்.”

அழுதது நான்தான். அவன் எழுந்து எனக்குச் சோறு போட்டான். மறுநாள் விடியுமுன் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு கேட்டில் நிற்கப் போய்விட்டான்.